கடல் கொண்ட பிறகு

மலாபோ சந்தையில் ஆறு மணிக்கே
தீக்குழாய் சீறத் தொடங்கிவிடும்.
மயிர் கருகும் வாடை மீன் வரிசை வரை போகும்.
என்னைக் கண்டதும் எர்மினியா புவாலே
"மண்ணீரல்காரி வந்துட்டா" என்பாள்.
இறைச்சிக்கு விலை உண்டு.
எனக்கு விரல்நுனியளவு மண்ணீரல் சும்மா,
காப்பி வாங்கிக் கொடுத்தால்.

இன்றைக்கு ஒரு ட்ரில் குரங்கு.
கரிய முகம். கீழுதட்டின் கீழே
யாரோ சாயம் தீட்டிவிட்டதுபோல் ஒரு சிவப்பு.
பல் தேய்ந்திருக்கிறது, கிழவன்.
ஈயக்குண்டு போன வழி தவிர
உடம்பில் ஒரு குறையில்லை.

பத்து நாள் கழித்து இயந்திரம் சொன்னது:
இருந்திருக்கிறது.
கிழவனின் இரத்தத்தில் ஆயுள் முழுக்க
வாடகை தராமல், வீட்டையும் இடிக்காமல்
ஓர் ஒட்டுக்குடி.

அதன் நெருங்கிய சொந்தம் இந்தத் தீவில் இல்லை.
நீருக்கு அந்தப்பக்கம், கேமரூன் காட்டில்,
இன்னொரு ட்ரில்லின் உடம்பில்.
முன்பு நடந்தே போகலாம்.
பனி உருகியது. கடல் கணுக்கால் ஏறியது,
இடுப்பு ஏறியது,
அப்புறம் வழியே இல்லை.
எந்தக் குரங்கும் அன்று கரையில் நின்று அழவில்லை.
உள்ளே கிருமி மட்டும்
தன் பெயரையே மறுபடி மறுபடி
பிழையாக எழுதிக்கொண்டிருந்தது.
பிழைத்தது
அந்தப் பிழையால்தான்.

பிழைகளை எண்ணி வயது சொல்வது என் வேலை.
சில நூறு ஆண்டு என்றிருந்தார்கள் முன்பு.
அவர்கள் தீவைக் கேட்கவில்லை.
கடல் வருமுன்பே, அதற்கும் வெகு முன்பே
குரங்கும் கிருமியும் ஒரே கூரையில்.

'பழகிவிட்டன' என்று அறிக்கையில் தட்டச்சினேன்.
தட்டச்சிய பிறகு கை நின்றது.
பழகுமுன் செத்தவை எத்தனை?
பால் குடித்தபடி எத்தனை?
காட்டு மண் புளிப்பு, எலும்பை வைத்திருக்காது.

இரவு ஒன்பதுக்குத் தங்கை ரெஸ்டிடூத்தாவின் கைபேசி அலறும்.
மாத்திரை பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது,
பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல்.
அவளுடையது ட்ரில்லின் கிருமி அல்ல.
சிம்பன்சியிடமிருந்து, எங்கோ ஒரு காட்டில்,
யார் கையிலோ கத்தி வழுக்கிய நாளில் வந்தது.
நமக்கு அதை நூறு வருஷமாகத்தான் தெரியும்.

"குரங்குக்கு எவ்வளவு நாளாச்சு, ஒத்துப்போக?"
"முப்பதாயிரம் வருஷம். கூடவும் இருக்கும்."
தண்ணீரை விழுங்கிவிட்டுக் கேட்டாள்:
"அதுவரைக்கும் ஆஸ்பத்திரியில
ஸ்டாக் இருக்குமா?"
சிரித்தாள். போன மாதம்
மூன்று வியாழக்கிழமை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன்.

காலையில் எர்மினியாவின் கட்டைவிரலில் துணிக்கட்டு.
"ஒண்ணுமில்ல, எலும்பு கீறிடுச்சு."
சென்ற வாரம்தான் கையுறை தந்தேன், ஆறு ஜோடி.
எங்கே என்றேன்.

வீட்டில் இருக்கிறதாம்.
மிளகாய் அரியும்போது போட்டுக்கொள்கிறாளாம்,
கண்ணெரிச்சல் இல்லையாம் இப்போதெல்லாம்.