ஆறில் ஒன்று

சிங்கப்பூரிலிருந்து போன்:
"சாந்திக்கு வர்றோம் மாணிக்கவேலு,
ஒரு எலிப்புழுக்கை கண்ணுல படக்கூடாது."

சாமான் அறையில் ஆறு வைத்தேன்,
தேய்ந்த சோப்பு போல, பச்சையாய்.
விடிந்து எண்ணினால் ஐந்து.
சாத்திய கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

வாசலில் சோடா வாலாட்டுகிறது.
நாக்கில் பச்சை தெரிகிறதா?
புல்லும் தின்கிற நாய் அது.

காரைக்குடி வரை டிவிஎஸ்ஸில்
கோணிக்கு வெளியே தலையை நீட்டி
காற்று குடித்துக்கொண்டே வந்தது.
"எப்ப தின்னுச்சு?"
தின்றதா என்பதே தெரியாது டாக்டரம்மா.
"அப்ப தின்னதாவே வச்சுக்குவோம்"
ஊசியைத் தட்டினார்.

இந்த விஷம் உடனே முகம் காட்டாதாம்.
இரண்டு மூன்று நாள் நல்ல நாயாகவே ஓடுமாம்,
பிறகுதான் ரத்தம்
உறைய மறக்குமாம்.

மாத்திரையை ஆட்டுக்கொழுப்பில் பொதிந்து கொடுத்து
உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கிறேன்.
வெளுப்பா, முற்றத்து வெளிச்சமா?

தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல்.
கல்லெல்லாம் சிவப்புப் பூ.
எது பூ, எது சொட்டு?
என் வெள்ளைத் துண்டால்
துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன்,
செட்டியார் வீட்டை இவ்வளவு சுத்தமாய்
சம்பளத்துக்குக்கூடத் துடைத்ததில்லை.

ஐந்தாம் நாள்
மாடியிலிருந்து இறங்கியது அந்த நாற்றம்.
செத்த எலியைக்
கும்பிடத் தோன்றியது.
போன் போட்டேன்.
"ஒரே கட்டியில ரெண்டும் வாய் வச்சிருக்கலாம்.
மாத்திரைய நிறுத்திராதீங்க."

சோடா மூக்கைத் தூக்கி
படிப்பக்கம் இழுக்கிறது.
கயிற்றை இன்னும் ஒரு சுற்று
கையில் சுற்றிக்கொள்கிறேன்.