ஓர் எழுத்து, மூன்று நாள்

குற்றவாளி. சுற்றவாளி.
முதல் எழுத்தைத் தவிர
மற்றதெல்லாம் ஒரே உடுப்பு.
மின்விசிறி கொஞ்சம் கூடச் சத்தம் போட்டால்
கூண்டில் நிற்பவனுக்கு
இரண்டும் ஒன்றாய்த்தான் கேட்கும்.
பதினாறு வருடமாய்
பருத்தித்துறை நீதவான் மன்றில்
அந்த ஓர் எழுத்தை
அழுத்திச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பது.
இலக்கம் கூப்பிட எழுந்து வந்தவன்
கஜரூபன், இருபத்திரண்டு வயது, குடத்தனை.
சேட்டுக் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருந்தான்.
பின்வாங்கில் தாய் பரிமளகாந்தி
கைப்பை வாரை விரலில் சுற்றுவதும்
அவிழ்ப்பதுமாய் இருந்தாள்.

மைத்துனனின் லாண்ட்மாஸ்டர்,
பெட்டியில் பாதிக்கு மணல்,
இரவு ஒன்றரை.
நடந்தது அவ்வளவுதான்.
ஆனால் நடந்தது வேறு, குற்றச்சாட்டு வேறு.
நடந்ததில் ஈரம் இருக்கும், கால்தடம் இருக்கும்.
குற்றச்சாட்டில் பிரிவு இருக்கும்,
அதன் கையைப் பிடித்தபடி
"சேர்த்து வாசிக்கப்படும்" இன்னொரு பிரிவு.
பிறகு, எங்கள் மன்றில்
கூண்டில் நிற்பவனுக்கு எதிரி என்று பெயர்.
யாருக்கு எதிரி என்று
ஒருவரும் கேட்டதில்லை.

பொலிஸார் சிங்களத்தில் எழுதிய தாள்
என் கைக்கு வந்தது.
"காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டவாறான
சட்டத்தின் கீழ்..."
ஆயிரம் தரம் சொன்ன சொற்கள்.
வீட்டுக் கதவைப் பூட்டுகிற மாதிரி,
பூட்டினேனா என்று பிறகு நினைவிருக்காது.
அன்று நாக்கு நின்றது.
எந்தக் காலத்துக்கு எந்தக் காலம்?

மணல் ஏற்றியது பதினோராம் திகதி.
புதிய திருத்தம்
சபாநாயகர் கையொப்பமிட்டு உயிர் பெற்றது
பதினான்காம் திகதி.
அதன் தமிழ்ப் பிரதியை முதல்நாள்தான்
மத்தியானச் சாப்பாட்டோடு வாசித்தேன்.
நாலாம் பக்கத்தில்
ஒரு சோற்றுப் பருக்கை இன்னும் ஒட்டியிருக்கும்.
பழையதில் தண்டப்பணம்,
கட்டிவிட்டுப் பின்னேர பஸ்ஸில் வீடு போகலாம்.
புதியதில் மறியல், வாகனம் பறிமுதல்,
பிணை கேட்க மேல் நீதிமன்றப் படி.
தாளில் இருந்தது புதியது.

பதினோராம் திகதி இரவு
அந்தச் சட்டம் பிறந்திருக்கவில்லை.
பிறக்காததை அவன் எப்படி மீறினான்?

கேட்கிற இடம் என்னுடையதல்ல.
எனக்குக் குரல் கடன்.
பொலிஸ் பேசினால் பொலிஸின் சொல்,
எதிரி அழுதால்
அழுகையை விட்டுச் சொல் மட்டும்.
ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும்
எடுத்த சத்தியம் முறிந்துபோகும்.
அவனுடைய சட்டத்தரணி வாகீசனுக்கு
அன்று ஏழு வழக்கு.
அடுத்த கோப்பின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வேகத்தைப் பற்றி
சத்தியத்தில் ஒன்றும் இல்லை.

"பதினோராம்" என்றேன்.
தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.
குடித்தேன். மூடினேன்.
"திகதி. அன்று. அல்லது.
அதனை அண்மித்த. ஒரு தினத்தில்."
நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
நூல் அவிழ்வது நின்றது.
வாகீசன் விரலில் ஏதோ எண்ணினார்.
எழுந்தார்.
"கனம் நீதவான் அவர்களே,
திகதி தொடர்பாக ஒரு விடயம்."

தாள் திரும்பிப் போனது, திருத்தி வர.
சரீரப் பிணை. இரண்டு கிழமைத் தவணை.

சைக்கிள் நிறுத்துமிடத்தில்
பரிமளகாந்தி மறித்தாள்.
"தங்கச்சி, பழைய சட்டத்துக்கும் புதுசுக்கும்
என்ன வித்தியாசம்?"
"மூன்று நாள், அக்கா."
"அப்ப என்ர பிள்ளை குற்றவாளியோ?"
என் வாயில் இரண்டு எழுத்தும் இருந்தன.
"இன்னும் அவனிட்டக் கேக்கேல்லை" என்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு
இன்னொரு லாண்ட்மாஸ்டர், அதே மணல்.
இவனும் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தான்.
திகதி பதினைந்து.
வழக்கமான வேகத்தில்
வாசித்து முடித்தேன்.