எழுபத்து நான்கு நிமிடம்

ஜனவரி. பான் நகரத்தில்
ரைன் ஆறு கரைப்படிகளில் ஏறி நிற்கிறது.
டிராம் நிறுத்தம் தொடங்கி ஆய்வு நிறுவனத்து வாசல் வரை
நடைபாதையில் உப்புத் தூவியிருக்கிறார்கள்,
பனியில் யாரும் வழுக்கி விழுந்து
வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடாமலிருக்க.
என் ஷூவைச் சுற்றி வெள்ளைக் கோடு.

மூன்றாம் மாடி. ஹெட்போன்.
ஆயிரத்து நூற்று நாற்பது குடும்பங்கள்
வரிக்கு ஒன்றாய்த் திரையில்.
கூரை ஓலையென்றால் ஒன்று, ஓடு இரண்டு, காங்கிரீட் மூன்று.
தெரியாது என்பவருக்குத் தொண்ணூற்றெட்டு.
சொல்ல மாட்டேன் என்பவருக்குத் தொண்ணூற்றொன்பது.
சிரித்தால் என்ன எண் என்று
முதல் வாரம் கேட்டேன்.
பிறகு கேட்கவில்லை.

வீப்கே வந்து மேசையில் சாய்ந்தாள்.
நல்லவள். கென்யாவில் மூன்று வருடம்,
அதில் இரண்டு முறை மலேரியா.
"நானூற்றுப் பதினேழைப் பார்.
சராசரி முப்பத்தெட்டு நிமிடம், இது எழுபத்து நான்கு.
கணக்கெடுத்த பெண் எங்கேயாவது தூங்கியிருப்பாள்,
இல்லை, மரத்தடியில் உட்கார்ந்து
தானே நிரப்பியிருப்பாள்.
பதிவைக் கேள். பொய்யென்றால் நீக்கிவிடலாம்."

கேட்டேன்.

முதலில் காற்று,
தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளக் காற்று,
மைக்கில் மோதிக் கிழிகிறது.
அப்புறம் கணக்கெடுக்கும் ஜெசிந்தாவின் குரல்,
பாடம் ஒப்பிப்பது போல:
கடந்த முப்பது நாளில்
போதிய உணவில்லாமல் படுத்த இரவுகள் எத்தனை?

சிரிப்பு.
வாய்க்குள் எண்ணும் முணுமுணுப்பு.
வெள்ளி, சனி, அந்த மழை பெஞ்ச நாளு...
"ஒம்பது போட்டுக்கோ."
பெட்டியிலும் ஒன்பதுதான். சரி.

"நீ சாப்ட்டியாட்டி?"

நான்கு நொடி.
கேட்க வந்தவளைக் கேட்பதற்கு
எங்கள் கேள்வித்தாளில் இடமில்லை.
"இருக்கட்டும்க்கா. இன்னும் ஆறு வீடு கெடக்கு."
"வீடு எங்க ஓடிரப் போவுது? ஒக்காரு."

மூடி திறக்கிறது. தட்டு.
தண்ணீர் மோந்து ஊற்றும் சத்தம்.
பழைய கஞ்சியாக இருக்கும்;
என் ஊகம், தரவு அல்ல.
"உப்பு காணுமாட்டி?"
என்கிறாள், விடிந்ததிலிருந்து
உப்பு வாரிவிட்டு வந்தவள்.
ஜெசிந்தா சோற்று வாயோடு ஏதோ சொல்ல,
இருவரும் சிரிக்கிறார்கள்.
யாரோ ஒருத்தியின் கல்யாணம், ஒரு நாய்,
முன்பணம் கொடுத்த முதலாளிக்கு ஒரு வசவு.
அணைக்க மறந்த கருவியில்
முப்பத்தாறு நிமிடம்.

பொய் இல்லை, சாப்பாடு, என்றேன் வீப்கேயிடம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
ரொம்ப நேரம் துடைத்தாள்.
"அப்படியானால் வைத்துக்கொள்வோம்.
குறிப்பில் இடைவேளை என்று போடு."
போட்டேன்.

ஆனால் அந்த ஒன்பது.
பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
பானையில் மீந்தது எவ்வளவு என்று
எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.
அன்றைய இரவு என்ன ஆயிற்று?
நாங்கள் கேட்டது கடந்த முப்பது நாளை.
அந்த இரவு அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

பத்து என்று அடித்தேன்.
அழித்தேன்.
ஒன்பது.

மார்ச்சில் கருத்தரங்கம். உப்பைக் கழுவிவிட்டது மழை.
வீப்கே வரைபடம் காட்டினாள்,
ஆயிரத்து நூற்று நாற்பது புள்ளிகள்.
நானூற்றுப் பதினேழைத் தேடினேன்,
மற்றப் புள்ளிகளுக்கு அடியில் எங்கோ கிடந்தது.
பேசலிலிருந்து வந்த பேராசிரியர்
ஒன்பதுகள் ஏன் இத்தனை,
மழைக்காலத்தைத் தனியே பிரித்தீர்களா என்றார்.
நல்ல கேள்வி. பிரிக்கவில்லை.

இடைவேளை, பதினைந்து நிமிடம், என்றார் தலைவர்.
கதவருகே சீஸ் வைத்த ரொட்டிகள்,
இருபது பேருக்கு நாற்பது.
மிச்சத்தை யாரும் எண்ணவில்லை.