முப்பத்தொன்றாம் கட்டில்

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்ட வாரம்.
லோவெல் தார்க்கா என் மேசைக்கு எதிரே
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.
முந்தைய வேலை என்ற கட்டத்தில்
சலவை என்று எழுதியிருந்தார்.
எங்கே என்றேன்.
உள்ளே என்றார்.
ஒன்பது வருஷம், ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.
நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
அவரே சிரித்துவிட்டார்.

முகவரிக்கு விடுதியின் பெயர்,
அதன் கீழே கட்டில் எண் முப்பத்தொன்று.
அது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
எண் இல்லாத முகவரியை
அவர் நம்பமாட்டார் என்று பட்டது.
விட்டுவிட்டேன்.

பதினாலு இடங்களுக்குப் போன் போட்டேன்.
என்ன குற்றம் என்று கேட்டவர்கள்கூடத் தேவலை.
பார்க்கலாம் என்றவர்கள்
ஒருவரும் பார்க்கவில்லை.
பதினைந்தாவது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
அர்டித் சோர்கார்ட் என்ற அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்:
முப்பது கிலோ மூட்டை தூக்குவாரா?
தூக்குவார்.
திங்கள் வரட்டும். இரண்டரையிலிருந்து பதினொன்று.

பூட்ஸ் அலமாரியில் அவர் அளவு இல்லை.
ஒரு எண் பெரியதுதான் இருந்தது.
சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டால் போயிற்று என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.
வேலை பெற்றவர்கள் பத்தியில் ஒரு டிக் போட்டேன்.
மாதத்தின் ஏழாவது.
அன்று மதியம் எனக்கு நானே
ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, வியாழன் காலை,
அலுவலகம் திறக்க வந்தேன்.
கதவில் சாய்ந்து நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

விடுதிக் கதவு எட்டு மணிக்குச் சாத்துகிறார்கள்.
மூன்று இரவு வராவிட்டால்
கட்டில் அடுத்த ஆளுக்கு.
வேலைக் கடிதத்தைக் காட்டினீர்களா?
காட்டினேன். நிர்வாகி நல்ல மனுஷன்,
விதியை எழுதியது தான் இல்லை என்றார்.
என் கடிதத்தை இரண்டுதரம் படித்தார், பாவம்.

அப்புறம் எங்கே படுக்கிறீர்கள்?
படுப்பது எங்கே. அவசரப் பிரிவில்
காத்திருக்கும் அறை இருக்கிறதே,
அங்கே யாருக்காகவோ காத்திருப்பவன்போல் உட்கார்ந்திருப்பேன்.
முந்தாநாள் ஒரு நர்ஸ் குனிந்து கேட்டாள்,
உங்கள் ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று.
தேறி வருகிறார் என்றேன்.

என்ன கேட்பதென்று தெரியாமல்
ஒரு ஷிப்டில் எத்தனை விரிப்பு மடிப்பீர்கள் என்றேன்.
ஆயிரத்து இருநூறு, என்றார்.
சூடு ஆறுமுன் மடித்தால் சுருக்கம் விழாது.
கையால் காற்றில் ஒருதரம் மடித்துக் காட்டினார்.
ஓரம் ஓரத்தோடு பொருந்தியது.

பரோல் அதிகாரிக்கு முகவரி மாறியதைச்
சொல்ல வேண்டும். சொன்னால்
புது முகவரி கேட்பார்.
சொல்லாவிட்டால் மீறல்.
அந்தக் கட்டத்தின்மேல் என் பேனா
வெகுநேரம் நின்றது.

அறிக்கை போன வாரமே மேலே போய்விட்டது.
ஏழை ஆறாக்க வழியில்லை.
ஆறாக்கவும் கூடாதே,
வேலை இருக்கிறதே அவருக்கு.
கட்டில் போனதற்கு எங்களிடம் பத்தி கிடையாது.

ஷிப்டுக்கு முன்னால் கொஞ்சநேரம்
இந்த நாற்காலியிலேயே இருக்கட்டுமா என்றார்.
ஒன்றே முக்காலுக்கு எழுப்புங்கள், பஸ் தவறக்கூடாது.
ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.
பூட்ஸ் கயிற்றை அவிழ்க்காமலே தூங்கினார்.
தொப்பி மட்டும் மடியில்.

போனை எடுத்தேன்.
இந்தமுறை கட்டிலுக்காக.
குரலைத் தணித்துப் பேசப்பேச
எதிர்முனையில் எல்லோருக்கும் காது கேட்கவில்லை.
கொஞ்சம் சத்தமாக என்றார்கள்.
முடியாது, ஒருவர் தூங்குகிறார் என்றேன்.

ஒன்பதாவது எண்ணில் ஒரு பெண்
லைனிலேயே இருங்கள் என்றாள்.
இருக்கிறேன்.
சுவரில் மணி ஒன்றரை.