பதினோராம் நம்பர்

பழங்காநத்தத்தில், பஸ் திரும்புகிற முக்குக்குப் பின்னால்
ஏணி வாடகைக்குக் கொடுக்கிறேன்.
நாளைக்கு எண்பது, அரை நாளைக்கு ஐம்பது.
புது ஆள் வந்தால்
வாடகையோடு நாலு வார்த்தையும் சேர்த்துக் கொடுப்பேன்:
நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளிக் கால் ஊன்று,
ஈர டைல்ஸில் வைக்காதே,
கைகால் நாலில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்கட்டும்,
மிச்சம் ஒன்றுதான் உனக்கு.
"அதுக்கும் காசாக்கா?" என்பார்கள்.
இல்லை. அது இலவசம்.
அதனால்தான் யாரும் எடுத்துப் போவதில்லை.

ஆவணி முகூர்த்தம். மூன்று மணிக்கு ஒச்சப்பன் வந்தான்.
ஜெய்ஹிந்துபுரத்தில் மண்டப வாசலுக்கு பேனர்,
ஆறுக்குள் கட்டணும், பக்கத்தில் கரண்டு கம்பி,
அலுமினியம் வேண்டாம், காய்ந்த சவுக்கு ஏணி கொடு என்றான்.
கேட்டது சரிதான்.
இருபதடிச் சவுக்கு என்னிடம் ஒன்றுதான். பதினோராம் நம்பர்.

தரையில் படுக்கப் போட்டேன்.
படி படியாக விரல் மடக்கித் தட்டிக்கொண்டு போனேன்,
ஆஸ்பத்திரியில் முதுகில் தட்டுவார்களே அதுபோல.
எட்டாவது படிக்குப் பக்கத்தில்
மரம் வேறு குரலில் பேசியது.
சாவியால் சுரண்டினேன்.
மீன் செதில் மாதிரி சில்வர் பெயிண்ட் உரிந்தது.
உள்ளே ஆணித் துளையிலிருந்து கீழே வரைக்கும்
ஒரு எறும்பு நுழைகிற வெடிப்பு.

அந்தப் பெயிண்டை அடித்தது நான்.
சித்திரையில் திருவிழா வாடகைக்கு முன்னால்,
எல்லாம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று
பிரஷும் டப்பாவுமாக நானே உட்கார்ந்து அடித்தேன்.
அழகுக்கு அடித்தேன். கண்ணை மூடி அடித்தேன்.
சித்திரையிலிருந்து எத்தனை பேர் ஏறினார்கள்
ரிஜிஸ்டரில் இருக்கிறது.
எண்ணவில்லை.

"சணலைச் சுத்திக் கட்டுக்கா, பத்து நிமிஷ வேலை."
"விழுற வேலைக்குப் பத்து நிமிஷமெல்லாம் ஆகாதுப்பா."
சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு
வண்டியை உதைத்துக் கிளம்பினான்.

மூலையில் சாத்தி வைத்தால்
நான் சாப்பிடப் போன நேரத்தில் லூர்து எடுத்துக் கொடுத்துவிடுவான்.
சீட்டு ஒட்டினால் காற்றில் போகும்.
பக்கத்துப் பட்டறை சிக்கந்தரிடம் ரம்பம் கேட்டேன்.
அறுக்க அறுக்கத் தோள்பட்டை எரிந்தது.
ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் தூளாக உதிர்ந்தது.
"நடுவுல அறுத்தீங்கன்னா ரெண்டு குட்டி ஏணி கிடைக்கும்ல"
என்றார் சிக்கந்தர், நல்ல மனசோடு.
அதனால்தான் இன்னும் மூன்று இடத்தில் அறுத்தேன்.
ரிஜிஸ்டரில் பதினொன்றுக்கு நேரே
'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழரைக்குக் கடை டியூப்லைட் துடித்து நின்றது.
ஸ்டார்ட்டர்தான். புதுசு டிராயரில் இருக்கிறது.
மேஜையை இழுத்தேன்.
மேஜைமேல் பிளாஸ்டிக் நாற்காலியை ஏற்றினேன்.
ஒரு காலை மேஜையில் வைத்தபிறகுதான்
இருட்டில் வரிசையாகச் சாய்ந்து நின்ற
பதினேழு ஏணிகளையும் பார்த்தேன்.

வெட்கம் கால் வழியாக இறங்கியது.
நாலாம் நம்பரை விரித்தேன்.
அதன் ஒரு காலில் ரப்பர் தேய்ந்திருக்கிறது,
தரையோ மொழுமொழுவென்று. பிடிக்க ஆள் வேண்டும்.
லூர்து போயாச்சு. சிக்கந்தர் ஷட்டரை இறக்கியாச்சு.
உட்கார்ந்திருந்தேன்.
போகிற பஸ் ஒவ்வொன்றும்
ஏணிகளின் நிழலைச் சுவரில் ஏற்றி இறக்கிவிட்டுப் போனது.
ஜெய்ஹிந்துபுரம் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்று வந்தது.
நம்பர் இல்லாத யாரோ ஒருவனுடைய ஏணியில்
அவன் எந்தப் படியில் நிற்கிறானோ.

ஒன்பதைத் தாண்டி ஒரு வண்டி நின்றது.
தோளில் வேறு கடை ஏணி, சட்டையில் சுண்ணாம்பு.
"என்னக்கா, இருட்டுல கடை நடத்துற?"
கையும் காலும் சரியாக இருக்கிறதா என்று
ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.
"ஒண்ணுமில்ல. கீழ பிடி" என்றேன்.
வண்டியைச் சாய்த்துவிட்டு வந்து பிடித்தான்.
நான் ஏறினேன்.
"ரெண்டு கையாலயும் பிடி ஒச்சப்பா,
போனை அப்புறம் பாக்கலாம்."