ஏழாம் இலக்க விளக்கு

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் என் வாடகைக்கடை.
கதிரை, கூடாரம், மணவறை,
மூன்றடிக் குத்துவிளக்கு ஏழு.
அடித்தட்டில் ஆணியால் குத்திய இலக்கம்.

போகும்போது பொன்.
வரும்போது திரிக்கரி, மெழுகு,
ஒருமுறை அரைத்துண்டு கேக்.
வங்கி திறந்தாலென்ன, வாழை கட்டினாலென்ன,
கறுப்பு ஒரே கறுப்புத்தான்.

பழப்புளியை இளஞ்சூட்டில் கரைத்துக்
கல்லுப்பு ஒரு பிடி.
பிலிம்பி காய்க்கும் மாதத்தில் புளிச்செலவு இல்லை,
பிளந்து அப்படியே தேய்க்கலாம்.
தேசிக்காய் விலை கேட்டுத் திரும்பியதுண்டு.
கழுத்து வளையத்துக் களிம்புக்கு
உமிச்சாம்பலும் தும்பும்.
மறுகா நல்ல தண்ணி. உடனே துணி.
ஈரத்தோடு விட்டால்
ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் நின்று
ஒரு ராவுக்குள் பச்சை பூசிவிடும்.

இதெல்லாம் கேட்டால் சொல்வேன்.
சொல்லாதது ஒன்று:
மினுக்கிய பித்தளையில் வெறுங்கை பட்டால்
அன்று தெரியாது.
மூன்றாம் நாள் ரேகை எழும்பும், மண்ணிறத்தில்.
நான் தேய்ப்பதில் பாதி
தூக்கினவர்களின் விரல்கள்.

ஆடியில் கலியாணம் இல்லை.
ஏழையும் மினுக்கிப்
பழைய பேப்பரில் சுற்றி அடுக்கியிருந்தேன்.

ஆவணி பிறந்து
மண்டூரிலிருந்து பாதையேறி ஒரு அம்மா வந்தா.
ஆனிக்கடைசியில் மகளின் கலியாணத்துக்கு
ஏழாம் இலக்கம் எடுத்த வீடு.
“அவர்தான் மெசினில் ஏற்றிவந்து திருப்பித் தந்தவர்.
அதுக்கு நாலாம் நாள்...”
முந்தநாள்தானாம் முப்பத்தொன்று.
“தம்பி, விளக்கைக் கழுவிப்போட்டியளா?”

இல்லையம்மா என்றேன்.

பேப்பரைப் பிரித்தால்
தண்டின் நடுவில் ஒரு பெருவிரல்.
குறுக்கே ஒரு கோடு:
தகரம் வெட்டின என் தழும்பு.

அவா குனிந்து பார்த்தா.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
கதிரை கேட்டு வந்த ஒருவர்
காத்திருந்து போய்விட்டார்.
நான் பெருவிரலை
உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டு நின்றேன்.

“எத்தனை நாளைக்குத் தருவியள்?”

பற்றுச்சீட்டில் பெயர் எழுதினேன், இலக்கம் எழுதினேன்.
திருப்பும் திகதியில் பேனை நின்றது.
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.

துடைக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவா
அடித்தட்டை மட்டும் பிடித்து
தண்டில் கை படாமல்
விளக்கைத் தூக்கிவிட்டா.

இப்போது ஏழு கேட்பவர்களுக்கு ஆறு போகிறது.
வாடகையும் ஆறுக்குத்தான்.