எண் போட்ட வீடு

சுண்ணாம்பு வைக்கவில்லை அவர்கள்.
கல்லின் மேல் கல், இடுக்கில் சில்லு.
ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும்
உளியால் ஓர் எண்.

மாயாற்றுக்கு அக்கட்டயிருந்து
ராத்திரியோடு ராத்திரியாக வந்தவர்களாம்.
பாளையக்காரன் ஒருவன் பெண் கேட்டானாம்.
எங்கள் சனத்தில் எல்லா வீட்டுக்கும் இதே கதைதான்.
வரி பாக்கியாகவும் இருக்கலாம்.
யார் கேட்டாலும் நான் பெண் கதையையே சொல்லுகிறேன்.

எதற்கு எண்?
மறுபடி ஓட வேண்டி வந்தால்
வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றத்தான்
என்கிறார் என் வீட்டுக்காரர்.
ஓடவில்லை.
கம்பு விளைந்தது, சோளம் விளைந்தது,
கிணறு வெட்டினார்கள், கிணற்றில் கடன் ஊறியது.
எழுத்து மறந்தது.
பேச்சு மட்டும் அடுப்படியில் தங்கிவிட்டது.
'ஊட்டா ஆயித்தா' என்று
மாட்டையும் கேட்போம்.

போன பங்குனியில்
பூளவாடித் தடத்தில் வந்து நின்றது
காற்றாடியின் ஒற்றை றெக்கை,
இருநூறு அடி, வெள்ளை,
சக்கரங்களின் மேல் படுத்தபடி.
இட்டேரி முக்கில் திரும்பவில்லை.
எங்கள் வடமேற்கு மூலை
மூன்று முழம் குறுக்கே.

எட்டாயிரம் என்றார் கம்பெனிக்காரர்.
பிரித்து, றெக்கை போனதும்,
அப்படியே அடுக்கித் தருகிறோம்.
அதெப்படி அப்படியே?

ஒடிசாப் பையன் பிசிகேசன்
கல்லைத் தடவி
இரண்டு என்றான், மூன்று என்றான்,
அதற்கு மேல் அவன் ஊர்க் கணக்கு ஒத்துவரவில்லை.
பீடியை மிதித்துவிட்டு
லாரியிலிருந்து இறங்கினார் ஓபுலேசு,
அனந்தபுரத்துக்காரர்.
தூசியை ஊதினார்.
நூற்று நாற்பத்தொன்று, நூற்று நாற்பத்திரண்டு...
எங்கள் சுவரை
எங்களுக்கே வாசித்துக் காட்டினார் டிரைவர்.

ஓட்டுக்கு முட்டுக் கொடுத்துக்
கல் கல்லாய் இறக்கினார்கள்.
மூலை இருந்த இடத்தில் வானம்.
ஆட்டுரலுக்கு முதல் வெயில்.

றெக்கை நகர்ந்தது
என் அடுப்பை எட்டிப் பார்த்தபடி.
கடுகு வெடித்தது, பருப்பு வெந்தது,
கீரை கூட வெந்தது,
அது இன்னும் போய்க்கொண்டிருந்தது.
கிளம்பத் தயாராகக் கட்டிய வீட்டில்
ஒரு மூலை மட்டும்
கிளம்பிப் போய்த் தடத்தோரம் உட்கார்ந்திருந்தது,
கல் மேல் ஒருவர் டீ குடித்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்ப அடுக்கினார்கள்.
ஆறும் ஒன்பதும்
அந்த எழுத்தில் அண்ணன் தம்பி.
இருட்டில் ஓபுலேசுக்குத் தடுமாறிவிட்டது.
நாற்பத்தாறு போக வேண்டிய இடத்தில்
நாற்பத்தொன்பது உட்கார்ந்து
கட்டைவிரல் நீளம் வெளியே துருத்துகிறது.

தாராபுரம் தாண்டியதும் நினைவு வந்து
போனில் கூப்பிட்டார்,
திரும்பும்போது மாற்றி வைக்கட்டுமா, அக்கா?

வேண்டாமுங்க என்றேன்.
துணி சோப்பு வைக்க
இத்தனை வருசமாய் அங்கே இடமில்லை.